சோலையைக் கொடுத்து ஷோலாவை வாங்கிய கதை

மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பகுதிகளைப் பற்றி உலகின் எந்த மூலையில் ஆய்வுக் கட்டுரை எழுதப்பட்டாலும் அதில் 'ஷோலா' என்ற சொல் இடம்பெறும். புல்வெளிகளுக்கு நடுவே, பள்ளத்தாக்கின் மடிப்புகளில் ஒடுங்கி வளரும் குட்டையான பசுமைமாறாக் காட்டுக்கு ஆங்கிலச் சூழலியல் வைத்திருக்கும் பெயர் அது. நம்முடைய 'சோலை'தான் அங்கே போய் ஷோலா ஆயிற்று. தேவிகுளம் வட்டத்தில் பிறந்து, பள்ளியில் தமிழ்வழி பயின்று, முதுகலையில் புவியியலோ சுற்றுச்சூழல் அறிவியலோ எடுக்கும் ஒரு மாணவி, தன் வீட்டுச் சொல்லை அயற்சொல்லாக, வரையறையோடு மனப்பாடம் செய்கிறாள். இதில் வேடிக்கை கொஞ்சம் உண்டு. இழப்பு அதைவிட அதிகம்.

மொழியியலில் முதுகலை முடித்து, இப்போது நிலம்சார் சொற்களை ஆராய்ந்து வருகிறேன். பாலக்காட்டின் கிழக்கு விளிம்பும் இடுக்கியின் கிழக்கு விளிம்பும் என் களம். அங்கே புவியியல் மாணவர்களையும் சூழலியல் மாணவர்களையும் அடிக்கடி சந்திக்கிறேன். செயற்கைக்கோள் படத்தைப் படிக்கவும், மண் மாதிரி எடுக்கவும், புவித்தகவல் மென்பொருளில் வரைபடம் வரையவும் அவர்களுக்கு நன்றாகவே கற்றுத்தரப்படுகிறது. நிலத்தில் வாழ்பவர் அந்நிலத்தை எப்படிப் பெயரிட்டுப் பகுத்திருக்கிறார் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ள மட்டும் கற்றுத்தரப்படுவதில்லை. முதுகலைப் பாடத்திட்டத்தில் மொழிக்கு இடம் வேண்டும் என்பதே என் வாதம். மொழிப்பற்றுக்காக இதைச் சொல்லவில்லை. தரவு சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த எல்லை நிலத்தின் தனித்தன்மையைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். கேரளத்தின் ஆறுகளில் கிழக்கு நோக்கி ஓடுபவை மூன்றே: கபினி, பவானி, பாம்பாறு. இவற்றில் பவானி அட்டப்பாடி வழியாகவும் பாம்பாறு மறையூர் வழியாகவும் வருகின்றன. அட்டப்பாடியின் கிழக்குப் பகுதியும் மறையூரும் மழைமறைவுப் பகுதிகள். பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கும் சித்தூர் வட்டத்தில் கேரளத்தில் வேறெங்கும் அரிதான கரிசல் மண் கிடக்கிறது. நீரின் கணக்கும் இங்கே தமிழகத்தோடு பிணைந்தது. பரம்பிக்குளம் ஆழியாறு உடன்படிக்கையின்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் மணக்கடவு வழியாகச் சித்தூர்ப்புழைக்கு வர வேண்டும். ஆக, மண்ணும் மழையும் ஆறும் மாநில எல்லையைப் பொருட்படுத்தாத இடம் இது. பேச்சும் அப்படியே. எருத்தேன்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை என்ற ஊர்ப்பெயர்களைக் கேட்டாலே தெரியும். கொழிஞ்சி வறண்ட நிலத்துச் செடி, உழவர் பசுந்தாள் உரமாக மடக்கி உழுவது. ஊர்ப்பெயரின் வேரை ஊகத்தால் முடிவுகட்ட நான் துணியமாட்டேன். ஆனால் ஒரு தாவரவியலாளருக்கும் மண்ணியலாளருக்கும் இந்தப் பெயர் ஒரு கேள்வியையாவது எழுப்ப வேண்டாமா?

நிலப்பயன்பாட்டு வரைபடங்களுக்கு வருவோம். மாணவர் ஆய்வேடுகளில் 'வேஸ்ட்லேண்ட்' என்றொரு வகை தவறாமல் இருக்கும். நடுவணரசு வெளியிடும் நிலப்படத் தொகுப்பின் பெயரே அதுதான். இந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை நிலங்கள் அடைக்கப்படுகின்றன என்று பாருங்கள். உழவர் இவ்வாண்டு உழாமல் விட்டது தரிசு. நெடுநாள் உழவு காணாமல் இறுகியது கரம்பு. பாறை துருத்திய மேடு கரடு. ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலம் மேய்க்கால் புறம்போக்கு. முதலாவது நிலம் அடுத்த மழைக்கே வயலாகிவிடும். கடைசி நிலத்தின்மேல் ஆடுமாடு வைத்திருப்போர் அனைவருக்கும் வழக்கவழி உரிமை உண்டு. செயற்கைக்கோளுக்கு நான்கும் ஒரே நிறமாகத் தெரியலாம், அதில் குற்றமில்லை. ஆனால் களத்துக்குப் போய்ச் சரிபார்க்கும் மாணவரும் நான்கையும் ஒன்றாகவே எழுதித் திரும்பினால், அந்தச் சரிபார்ப்பு எதற்கு? ஒரு நிலத்தைப் 'பாழ்' என்று வரைபடத்தில் எழுதியபின் அதை எதற்கு வேண்டுமானாலும் ஒதுக்கிவிடலாம் என்பது நிர்வாகம் அறிந்த உண்மை.

உயிர்போகும் இடத்திலும் சொல் வேலை செய்கிறது. மலையாளத்தில் 'உருள்பொட்டல்' வேறு, 'மண்ணிடிச்சில்' வேறு. முன்னது, மழைநீரும் மண்ணும் பாறையும் குழம்பாகி, ஓடையின் தடத்தைப் பிடித்துக்கொண்டு வெகுதொலைவு பாய்வது. பின்னது, வெட்டிய சரிவோ செங்குத்தான கரையோ இடிந்து தன் காலடியில் விழுவது. இரண்டுக்கும் தற்காப்பு வேறு. மண்ணிடிச்சிலுக்கு அஞ்சுபவர் சரிவின் அடியை விட்டு விலகினால் போதும். உருள்பொட்டலுக்கு அஞ்சுபவர், மலை எட்டத்தில் இருந்தாலும், ஓடைக்கரையை விட்டு விலக வேண்டும். தமிழ் நாளிதழ்களோ இரண்டையும் 'நிலச்சரிவு' என்ற ஒரே சொல்லால் கடந்துவிடுகின்றன. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கையையும் சூரல்மலையையும் அழித்தது உருள்பொட்டல். அது தொடங்கிய இடத்துக்கும் சூரல்மலைக்கும் இடையே சில கிலோமீட்டர் தொலைவு. 'சரிவு' என்ற சொல் இந்தத் தொலைவை நமக்குச் சொல்லவே சொல்லாது.

2020 ஆகஸ்டு 6 இரவு இராஜமலை அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தோட்ட லயங்கள் புதைந்து, காணாமற்போனோரையும் சேர்த்து 70 பேரை இழந்தோம். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர், பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறுப் பகுதி. சொல் இருந்திருந்தால் உயிர் பிழைத்திருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. லயம் எங்கே கட்டப்படுகிறது என்பதைத் தீர்மானிப்பவர் அதில் குடியிருப்பவர் அல்லர். ஆனால் அதன்பின் அம்மலைகளைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வுகளில், இன்றும் லயங்களில் உறங்கும் மக்கள் தங்கள் மொழியில் வாசிக்கத்தக்கவை எத்தனை? அவர்களுக்குத் தேவைப்படுவது வாய்ப்பாட்டு மொழிபெயர்ப்பு அன்று, உருள்பொட்டலுக்கும் மண்ணிடிச்சிலுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லும் தமிழ். இருமொழியும் புழங்கும் தோட்டத்தில் 'உருள்பொட்டல்' என்ற சொல்லே தமிழ்ப் பேச்சில் புகுந்தால், அதைப் பிழை என்று திருத்த நான் முன்வரமாட்டேன். நல்ல சொல், வேலைக்கு உதவும் சொல்.

அறிக்கைகளின் கதை இன்னும் பழையது. மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011 ஆகஸ்டில் அறிக்கை அளித்தது. எந்த நிலத்தைப் பாதுகாப்பது என்பதில் கிராம சபைகளின் கருத்து முதன்மையாக இருக்க வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. அறிக்கையோ ஆங்கிலத்தில் 500 பக்கங்களுக்கு மேல். கிராம சபை எதைப் படித்துக் கருத்துச் சொல்லும்? அடுத்து வந்த கஸ்தூரிரங்கன் குழு 2013இல் கேரளத்தின் 123 கிராமங்களைப் பட்டியலிட்டபோது இடுக்கி கொந்தளித்தது. மலையாளத்தில் 'பரிஸ்திதி லோல' என்றனர். தமிழில் சிலர் 'உணர்திறன்' என்றனர், சிலர் 'கூருணர்வு' என்றனர். 'லோலம்' என்றால் மெல்லியது, எளிதில் கெடுவது என்று தோன்றும். 'உணர்திறன்' என்றால் என்ன தோன்றும்? எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. புரியாத சொல் ஒன்று தன் வீட்டுப் பட்டாவின்மேல் வந்து உட்காரும்போது மனிதர் அஞ்சுவது இயல்பு.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை 2020இல் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தபோது, எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் அதை வெளியிடுமாறு தில்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. மொழிபெயர்ப்பு என்பது சலுகை அன்று, கருத்துக்கேட்பின் ஒரு பகுதி என்பதே அவ்வாணையின் உட்பொருளாக நான் படிக்கிறேன். ஆனால் 22 மொழிகளில் அறிவியலை எழுதத் தெரிந்தவர்கள் எங்கிருந்து வருவார்கள்? முதுகலை வகுப்பறையிலிருந்துதான் வர வேண்டும்.

மறுப்புகளை அறிவேன். நெட் தேர்வும் ஆய்விதழ்களும் தமிழில் இல்லை என்பார்கள். உண்மை. ஆங்கிலத்தை விடச் சொல்லவில்லை. தமிழில் கலைச்சொற்கள் தரப்படவில்லை என்பார்கள். தரப்படுவது பயன்படுத்துவதால்தானே? நம்முடைய தமிழ்த்துறைகளுக்கும் இதில் பங்குண்டு: ஐந்திணையைப் பெருமையோடு மேற்கோள் காட்டிவிட்டு, இன்று கொழிஞ்சாம்பாறை உழவர் தம் நிலத்தை எத்தனையாகப் பிரிக்கிறார் என்று கேட்காமல் கருத்தரங்கிலிருந்து வீட்டுக்குப் போய்விடுகிறோம். மூன்றாவது மறுப்பை யாரும் உரக்கச் சொல்வதில்லை. தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் குறித்து 1956க்கு முன்பிருந்தே தொடரும் மனக்கசப்பு உண்டு, 2011 முல்லைப் பெரியாறு நாள்களில் அது மறுபடி எரிந்தது. இடுக்கியில் தமிழ் என்று சொன்னாலே சிலருக்கு எல்லைக்கோடு நினைவுக்கு வருகிறது. அறிவியலைத் தமிழில் கேட்பவர் வரைபடத்தைத் திருத்தக் கேட்கவில்லை. முதுவர், இருளர், எரவாளர் பேச்சுகளுக்கும் இதே உரிமை உண்டு என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பிளாச்சிமடையின் மயிலம்மா எரவாளர் குடியைச் சேர்ந்தவர். கோக்ககோலா ஆலை வந்தபின் கிணற்று நீர் கெட்டதை ஆய்வகத்துக்கு முன்பே நாவால் அறிந்து சொன்னவர்கள் அவரும் அவர் ஊராரும்தான்.

செய்யக்கூடியது பெரிய காரியமும் அன்று. கல்வி ஆங்கிலவழியில் நடந்தாலும் மாணவர் தம் மொழியில் தேர்வெழுத இடந்தருமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2023இலேயே பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. சித்தூர் அரசுக் கல்லூரியில் புவியியல் துறையும் தமிழ்த் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஒரு பருவத்தில் ஒரு தாள், 'களமொழி' என்ற பெயரில், இரு துறை ஆசிரியரும் சேர்ந்து நடத்தலாம். ஆய்வேட்டோடு ஐந்து பக்கச் சுருக்கம் தமிழிலோ மலையாளத்திலோ கட்டாயமாகட்டும். அதன் ஒரு படி ஆய்வு நடந்த கிராமப் பஞ்சாயத்துக்குப் போகட்டும். பின்னிணைப்பில் களத்தில் கேட்ட சொற்கள், சொன்னவரின் வட்டார வழக்கிலேயே, பொருளோடு இருக்கட்டும்.

அந்தப் பின்னிணைப்பை நாம் இப்போதே தொடங்கலாம். வட்டவடை, கோவிலூர், மறையூர், வேலந்தாவளம், அட்டப்பாடிப் பக்கத்து நண்பர்கள், உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் மூன்றே கேள்விகள் கேட்டுக் கீழே எழுதுங்கள்: உழாத நிலத்துக்கு என்னென்ன பெயர், மழைக்கு என்னென்ன பெயர், மலையில் தண்ணீர் இறங்கும் தடத்துக்கு என்னென்ன பெயர். ஊரையும் சொன்னவரின் வயதையும் குறித்தால் போதும், பெயர் வேண்டாம்.