மத்தி மீன் சொன்ன கணக்கு

1997 ஜனவரி 14, காலை. கேரளத்தின் வடகரைக் கரையில் 11 மீனவர்கள் மத்தியோடு வந்து நின்றார்கள், வாங்க ஆளில்லை. அதே நேரம் 15 கிலோமீட்டருக்குள் இருந்த சந்தைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கூடையோடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

சேதி போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

செல்போன் வந்ததும் நடந்ததைப் பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் வாராவாரம் கணக்கெடுத்து 2007இல் வெளியிட்டார். கரைக்குக் கரை இருந்த விலை வித்தியாசம் வெகுவாகக் குறைந்தது. விற்காத மீனைக் கடலில் கொட்டுவது நின்றது. மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குவோருக்கு விலை 4 சதவீதம் இறங்கியது.

ஆனால், முதலில் போன் வாங்கியவை பெரும்பாலும் பெரிய படகுகள். போன் இல்லாதவருக்குக் கூடிய லாபம், போன் வைத்திருந்தவருக்குக் கூடியதில் ஏறத்தாழ பாதிதான். போன் இல்லாதவருக்கும் சேதி போய்ச் சேர, இறங்குதளம்தோறும் பக்கத்துக் கரைகளின் ஏல விலையைப் பலகையில் எழுதிப்போட அரசுக்கு என்ன தடை?