டிக்கியில் அடைத்த இடி

சென்ற மாதம் என் தங்கை மகன் ஒரு பழைய கார் வாங்கினான். வாங்கிய மறுவாரமே அதன் டிக்கியில் ஒரு பெட்டி ஏறிவிட்டது. பன்னிரண்டு அங்குல சப்வூபர். "கம்பெனி ஸ்டீரியோவுல பேஸே இல்ல மாமா" என்றான்.

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. கீழ்ஸ்தாயி ஒலியை எழுப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். கார்க் கதவுக்குள் ஒடுங்கியிருக்கும் ஆறரை அங்குல ஸ்பீக்கரால் அது முடிகிற காரியமல்ல. மிருதங்கத்தின் வலந்தலை கேட்கும். தொப்பி எங்கே போயிற்று என்று தேட வேண்டும். சங்கீதம் கேட்கிறவனுக்கு அது ஒரு குறைதான்.

குறையைத் தீர்க்கும் வழியும் சுலபந்தான். காரோடு வரும் ஸ்டீரியோவில் பெரும்பாலும் சப்வூபருக்கென்று தனி வாய் இருப்பதில்லை. ஆகவே ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே ஒரு கிளை பிரித்து ஆம்ப்ளிபயருக்குக் கொடுப்பார்கள். மின்சாரத்துக்குப் பாட்டரியிலிருந்து தனிக் கம்பி. அந்தக் கம்பியில், பாட்டரிக்குப் பக்கத்திலேயே, ஒரு பியூஸ் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பி உரசித் தகட்டைத் தொட்டதும் தீப்பிடிக்கலாம். பிறகு, சுமார் 80 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை வடிகட்டிவிட்டு, அளவாகக் குமிழைத் திருப்ப வேண்டும். பெட்டி இருப்பதே தெரியக்கூடாது; அணைத்தால்தான் எதையோ இழந்தது போலத் தோன்ற வேண்டும். அதுதான் நல்ல வேலைக்கு அடையாளம்.

என் மருமகனுக்கு அந்த அளவு போதவில்லை. விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு என்னை அழைத்துப் போனான். ஆமத்தூர் தாண்டுவதற்குள் என் விலா எலும்புகள் தாளம் போட ஆரம்பித்துவிட்டன. திருத்தங்கலுக்கு முன்னால் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினான். நான் இறங்கினேன், பாட்டு இறங்கவில்லை. கண்ணாடிகளை ஏற்றியிருந்ததால் வெளியே பாட்டு வரவில்லை. 'தும், தும்' மட்டும் வந்தது.

எதிர்ச் சந்திலிருந்து ஒரு கிழவி ஓடி வந்தாள். அவள் என்னையும் பார்க்கவில்லை, காரையும் பார்க்கவில்லை. கையை நெற்றிக்குக் கொடுத்து வானத்தைப் பார்த்தாள்.

"எந்த ஆபீஸ்ப்பா? பொக தெரியுதா?"

வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும்: எங்கள் பக்கம் பட்டாசு ஆலையை ஆபீஸ் என்போம். அவளுடைய மகள் அங்கேதான் வேலைக்குப் போயிருந்தாள்.

"பட்டாசு செய்கிற ஊர்க்காரன் சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்லலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. சொல்லலாம் ஐயா, எங்களுக்குத்தான் அந்த உரிமை அதிகம். பட்டாசு வெடிப்பது ஊரெல்லாம் கொண்டாட. ஆபீஸ் வெடித்தால் நாங்கள் பிணம் எண்ண வேண்டும். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் எண்ணினோம். 2021 பிப்ரவரியில் சாத்தூருக்கு அருகே அச்சங்குளத்தில் எண்ணினோம். தூரத்து வெடியின் கூர்மையான ஓசையைக் காற்று வழியிலேயே தின்றுவிடும். அடிவயிற்றைத் தொடும் கனத்த ஓசை மட்டுமே கிராமத்துக்கு வந்து சேரும். பக்கத்துத் தெருச் சரவெடிக்கு எங்கள் பெண்கள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். அந்தக் கனத்த ஓசைக்கு மட்டும் உலையை விட்டுவிட்டு ஓடி வருவார்கள். டிக்கிப் பெட்டி உண்டாக்குவது அச்சு அசலாக அதே ஓசை!

"என் கார், என் காசு, என் காது" என்கிறார்கள். காரும் காசும் உங்களுடையவை. ஒலி உங்களுடையது அல்ல. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை ஏறக்குறைய 7 மீட்டர் நீளம். கண்ணாடியும் தகரமும் அதற்கு ஒரு தடையா? பாட்டின் இனிமையை நீங்கள் உள்ளே வைத்துக்கொண்டு, உதையை மட்டும் தெருவுக்குத் தானம் செய்கிறீர்கள்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்கின்றன. ஆனால் அளப்பது 'ஏ' என்னும் அளவுமுறையில். அது 50 ஹெர்ட்ஸ் ஒலியில் சுமார் 30 டெசிபலைத் தள்ளுபடி செய்துவிடும். கிழவியின் நெஞ்சுக்குக் கேட்டது கருவிக்கு அரைகுறையாகத்தான் கேட்கும். பட்டாசுக்கோ 4 மீட்டர் தூரத்தில் வைத்து உச்சவரம்பு. 2018 முதல் தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி என்று கெடு. ஏழை கை வைத்துச் செய்த வெடிக்கு மணிக்கணக்கு. காருக்குள் கிடக்கிற வெடிக்கு வருஷம் முழுதும் தீபாவளி!

பெட்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. தொப்பி கேட்கட்டும், தாராளமாகக் கேட்கட்டும். உங்கள் காருக்குள் கேட்கட்டும். இறங்கி, கதவைச் சாத்தி, பத்தடி நடந்து நின்று பாருங்கள். அங்கேயும் கேட்டால் குமிழைக் குறையுங்கள். இதற்குக் கருவியும் வேண்டாம், போலீஸும் வேண்டாம்.

கிழவி திரும்பிப் போன பிறகு என் மருமகன் குமிழைப் பாதி திருப்பினான். "போதுமா மாமா?" என்றான்.

"அதை அந்தம்மாவிடம் போய்க் கேள்" என்றேன்.