கடல் பார்த்த மனை: உங்கள் பெயரை இரவல் கொடுக்காதீர்கள்

ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவைச் சுற்றி இப்போது எங்கு பார்த்தாலும் மனை விளம்பரம். முன்பெல்லாம் காட்டுப்பாக்கம், பூந்தமல்லி, திருமழிசை என்று இருக்கும். இப்போது கடலோர மனை. ஈ.சி.ஆரில் இறங்கினால் கடல் என்கிறது ஒன்று, இராமேஸ்வரம் தீவில் புண்ணிய பூமி என்கிறது இன்னொன்று. நேரில் வரவே வேண்டாமாம். வீடியோ காலில் இடத்தைக் காட்டுவார்கள், வில்லங்கச் சான்றிதழை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், மற்றதை பவர் பத்திரம் பார்த்துக்கொள்ளும். லீவுக்குப் போய்த் தங்க இரண்டாவதாக ஒரு வீடு.

கடலைப் பார்த்து ஒரு வீடு வேண்டும் என்று ஆசைப்படுவது குற்றம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. நம் சேரிகளிலிருந்து படித்து முதல் தலைமுறையாகச் சம்பளம் வாங்கும் தம்பி தங்கைகளுக்கும் அந்த ஆசை உண்டு, இருக்கட்டும். எங்கள் கேள்வி அந்த "நேரில் வர வேண்டாம்" என்பதைப் பற்றியது. வாங்குகிறவர் நேரில் போனால் என்ன கெட்டுவிடும்?

போனால் டீக்கடையில் உட்காருவார். "இந்த இடம் முன்னால யாருதுங்க?" என்று பேச்சுவாக்கில் கேட்பார். அங்கே ஆடு மேய்க்கும் ஒரு பாட்டி, "அது எங்க மாமனார் உழுத நிலம்பா, சர்க்கார் எங்களுக்குக் கொடுத்தது" என்று சொல்லிவிடும். அந்த ஒரு வரி எந்த வீடியோ காலிலும் வராது. எல்லைக்கல் தெரியும், தென்னை தெரியும், தூரத்தில் அலை தெரியும். பாட்டி தெரியாது.

பாட்டி சொல்லும் அந்த நிலத்தின் கதை நம் ஊர் இருந்த மாவட்டத்திலேயே தொடங்குகிறது. ஐயப்பன்தாங்கல் அன்று செங்கல்பட்டு ஜில்லா. அந்த ஜில்லாவின் கலெக்டர் திரமென்ஹீர் 1891-ல் பறையர் மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். உழுகிறவனுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலமில்லை, குடிசை போட்ட மனைகூட மிராசுதாருடையது, தரிசு நிலத்தைக் கேட்டு மனுப் போட்டாலும் மிராசுதார் குறுக்கே நிற்கிறார் என்பதை அவர் பதிவு செய்தார். அதைத் தொடர்ந்து வந்ததுதான் 30.9.1892 தேதியிட்ட அரசாணை எண் 1010. அதன்படி சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாக நம் இயக்கங்கள் சொல்லிவருகின்றன. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான், வருவாய்த்துறைப் பேச்சில் டி.சி. நிலம். நிபந்தனை எளிமையானது. முதல் 10 ஆண்டுகள் விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதன்பிறகு விற்றாலும் பட்டியல் சாதியினருக்கே விற்க வேண்டும். மீறினால் விற்பனை செல்லாது, நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எத்தனை கை மாறியிருந்தாலும் இந்த நிபந்தனை நிலத்தோடு கூடவே வரும்.

அந்த நிபந்தனை என்ன ஆனது என்பதற்கு மாமல்லபுரம் பக்கத்துக் காரணை சாட்சி. வெளியார் கைக்குப் போன பஞ்சமி நிலத்தை மீட்க அந்த மக்கள் 1994-ல் அங்கே புரட்சியாளர் அம்பேத்கரின் சிலையை வைத்தார்கள். போலீஸ் சிலையை அகற்றியது. அதைக் கண்டித்து அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் கொல்லப்பட்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் வீரவணக்கம் செலுத்துகிறோம். ஆனால் அவர்கள் எந்தப் பட்டாவுக்காக இறந்தார்கள், அந்தப் பட்டாவில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால், சுவரொட்டி ஒட்டும் நம் தோழர்களில் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. கோபத்தில் சொல்லவில்லை, கவலையில் சொல்கிறோம்.

இன்று கடலோரத்தில் வியாபாரம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, தண்ணீர் இல்லாமல் தரிசாகிப்போன வயல், இப்படி ஏதோ ஒரு நெருக்கடியில் நிற்கும் குடும்பத்திடம் புரோக்கர் வருகிறார். "இது டி.சி. நிலம்மா. இத வெச்சு பேங்க்ல லோன் கிடைக்காது. வேற யாரும் வாங்க மாட்டான். ஏதோ நான் பாத்து முடிச்சுத் தரேன்" என்கிறார். அந்த இடத்தில் அவருக்கு 1892-ஆம் ஆண்டு நிபந்தனை நன்றாக நினைவிருக்கிறது. அதைச் சொல்லித்தான் விலையைக் குறைக்கிறார். அதே நிலத்தை மனை போட்டு போரூரில் உட்கார்ந்திருப்பவருக்கு விற்கும்போது அந்த நிபந்தனை அவருக்கு மறந்துபோகிறது. "கிளியர் டைட்டில் சார்." விற்கும் ஏழைக்கு மட்டும் தெரிய வேண்டிய சட்டமாகவும், வாங்குகிறவருக்குத் தெரியவே கூடாத சட்டமாகவும் ஒரே சட்டத்தை வைத்துக்கொள்வதில்தான் லாபம் முழுவதும் இருக்கிறது. வாங்குபவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறாரோ அவ்வளவு நல்லது.

இணையத்தில் பட்டா பார்த்தோம், சுத்தமாக இருந்தது என்பார்கள். இணையப் பட்டாவில் பெயர், சர்வே எண், பரப்பு, தீர்வை இருக்கும். வில்லங்கச் சான்றிதழ் இணையத்தில் பெரும்பாலும் 1975-க்குப் பிறகுதான் கிடைக்கும். இடையில் 1979-ல் தொடங்கி எண்பதுகளில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பல ஊர்களில் டி.சி. நிலங்கள் சாதாரணப் பட்டா நிலங்களாகவே பதிவேறிவிட்டன. எழுத்துப்பிழையா, கைவேலையா என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆனால் பழைய செட்டில்மெண்ட் 'அ' பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் அது யாருக்கு, என்ன நிபந்தனையில் கொடுக்கப்பட்டது என்பது இருக்கும். அந்தத் தடித்த நோட்டு தாலுகா அலுவலகத்தில் தூசி படிந்து கிடக்கிறது, வாட்ஸ்அப்பில் வராது.

தீவுகளின் கதி இன்னும் மோசம், அங்கே நிலம் ஓர் அளவோடு முடிந்துவிடும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. அங்கேயே ஓலைக்குடிசையில் தங்கிவிட்ட மீனவக் குடும்பங்கள் பட்டாவோ மின்கம்பமோ இல்லாமல் தலைமுறைகளைக் கழித்தார்கள். அரிச்சல்முனை வரை சாலை 2017-ல் வந்தது. யாருக்காக வந்தது என்பதை அதில் போகும் வேன்களைப் பார்த்தாலே தெரியும். சுனாமிக்குப் பிறகு 2005-ல் போட்ட அரசாணை, அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் புதுவீடு வாங்க வேண்டுமானால் பழைய மனையை அரசிடம் விட்டுவிட வேண்டும் என்றது. மீனவருக்கு ஆபத்தான கரை, ரிசார்ட்டுக்கு மட்டும் எப்படி ஆபத்தில்லாமல் போகிறது?

இந்தப் பாதை எங்கே போய் முடியும் என்று பார்க்க வேண்டுமானால் அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையிலுள்ள சீ ஐலண்ட்ஸ் தீவுகளைப் படியுங்கள். 1865 ஜனவரியில் ஜெனரல் ஷெர்மன், விடுதலையான கறுப்பின மக்களுக்கு அந்தத் தீவுகளையும் கரையோரத்தையும் ஒதுக்கி ஆணையிட்டார், குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. அதே ஆண்டில் அதிபர் ஜான்சன் அதைத் திரும்பப் பெற்றார். அப்படியும் குல்லா கீச்சி மக்கள் உழைத்துச் சேர்த்த காசில் நிலம் வாங்கி, தீவுகளில் தங்கள் மொழியோடும் வலையோடும் வாழ்ந்தார்கள். ஹில்டன் ஹெட் தீவுக்கு 1956-ல் பாலம் வந்தது. பின்னாலேயே கோல்ஃப் மைதானங்கள், வெளியூர்க்காரர்களின் இரண்டாம் வீடுகள், வாயிலில் காவலாளி. அந்தக் குடியிருப்புகளுக்கு 'பிளாண்டேஷன்' என்றே பெயர் வைத்தார்கள். அடிமைகளை வைத்து வேலை வாங்கிய பண்ணைக்கு உரிய அதே சொல்! தாத்தா பாட்டியின் கல்லறை உள்ளே மாட்டிக்கொண்டதால், கும்பிடப் போகும் பேரன் காவலாளியிடம் அனுமதி கேட்க வேண்டியதாயிற்று.

நிலம் எப்படிக் கை மாறியது என்பதுதான் நமக்கு முக்கியம். உயில் இல்லாமல் தாத்தா இறந்தால் நிலம் எல்லா வாரிசுக்கும் பொது. ஊரை விட்டுப் போய் எங்கோ இருக்கும் ஒரு வாரிசின் பங்கை மனை வியாபாரி வாங்கிக்கொள்வார். பங்குதாரர் என்ற உரிமையில் நீதிமன்றம் போய் மொத்த நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவருவார். மற்ற வாரிசுகளுக்கு முதலில் வாங்கும் உரிமை தரும் சட்டம் தென் கரோலினாவில் 2016-ல்தான் வந்தது. அதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. இதைப் படிக்கும் உங்களில் எத்தனை பேர் வீட்டுப் பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது? வெளியூரில் இருக்கும் சித்தப்பாவை யார் வந்து பார்த்தார்கள் என்று தெரியுமா?

சட்டம் இருந்தால் காக்க முடியாதா என்றால், முடியும். லட்சத்தீவில் பழங்குடியினர் நிலம் வெளியார் கைக்குப் போவதை 1964-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை தடுக்கிறது. தீவில் ஒரு மனை வேண்டும் என்று பணத்தோடு போனாலும் வாங்கிவிட முடியாது. 2021-ல் நிலத்தின் மீது நிர்வாகத்துக்குப் பெரும் அதிகாரம் தரும் வரைவு வந்தபோது தீவே எழுந்து நின்றது. அங்கே தங்கள் சட்டம் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். நமக்கும் நிலத்தைக் காக்கும் நிபந்தனை இருக்கிறது, அதுவும் அவர்களுக்கு 72 ஆண்டுகள் முன்பிருந்தே. காப்பதற்கு ஆள்தான் இல்லை. கிராம நிர்வாக அலுவலர் முதல் சார்பதிவாளர் வரை யாருக்கும் அது வாயில் வராது.

இனி, இந்தக் கட்டுரையை எழுதவைத்த விஷயம். எங்கள் படிப்பு வட்டத்துக்கு வரும் ஒரு தம்பியிடம் புரோக்கர் ஒருவர் பேசியிருக்கிறார். கடலோரத்தில் ஒரு நிலம், வாங்குகிறவர் வேறு ஆள். "உன் பேர்ல ஒரு ரிஜிஸ்ட்ரேஷன் தம்பி, கம்யூனிட்டி சர்டிபிகேட் எடுத்துட்டு வா. அடுத்த வாரமே பவர் எழுதிக் குடுத்துடு. உனக்கு ஒரு நல்ல போன் வாங்குற காசு." எஸ்.சி.க்கு விற்கலாம் என்ற நிபந்தனையை, ஒரு எஸ்.சி. இளைஞனின் பெயரைப் போட்டே தாண்டிவிடும் ஏற்பாடு இது. தம்பி எங்களிடம் வந்து கேட்டது: "அண்ணா, நான் எஸ்.சி.தானே, வாங்கலாம்தானே? இதுல என்ன தப்பு?"

வாங்கலாம், தாராளமாக. உன் காசில், உன் பெயரில், நீ உழவோ குடியிருக்கவோ வாங்கினால் அந்த அரசாணை உன் பக்கம். விற்கும் குடும்பத்துக்கும் அதுதான் நியாயம், சரியான விலை கொடு. ஆனால் வேறொருவர் பணம் போட்டு உன் பெயரில் வாங்கினால் அதற்குப் பெயர் பினாமி. 2016-ல் திருத்தப்பட்ட பினாமி சொத்துத் தடைச் சட்டத்தில் பணம் போட்டவருக்கு மட்டுமல்ல, பெயர் கொடுத்தவருக்கும் 1 முதல் 7 ஆண்டுவரை கடுங்காவல். சொத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதமும் விழலாம். சிக்கினால் வீடியோ காலில் நிலம் பார்த்தவர் வக்கீல் வைத்துக்கொள்வார். போலீஸ் முதலில் கதவைத் தட்டுவது பத்திரத்தில் இருக்கும் முகவரியை, அதாவது நம் சேரியை.

தம்பி மறுத்துவிட்டான். புரோக்கர் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார். அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறோம்.

சட்டம் படிக்கும் தோழர்களும் கணினி தெரிந்தவர்களும் வாருங்கள். கடலோர மனை விளம்பரம் கண்ணில் பட்டால் படமெடுத்து அனுப்புங்கள், சர்வே எண் இருந்தால் இன்னும் நல்லது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு சம்பந்தப்பட்ட தாலுகா அலுவலகத்துக்கு மனு எழுதலாம். அந்தச் சர்வே எண்ணுக்கு நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய 'அ' பதிவேட்டின் நகல், ஒப்படை நிபந்தனை, அந்த வருவாய் கிராமத்தின் டி.சி. நிலப் பட்டியல், இந்த மூன்றையும் கேளுங்கள். "பதிவேடு இல்லை" என்று பதில் வந்தால் அதையும் தூக்கிப்போடாதீர்கள், மேல்முறையீட்டுக்கு அது வேண்டும். இடத்துக்கு நேரில் போகும்போது இரண்டு பேராகப் போங்கள். முதலில் டீக்கடை, பிறகு சேரி, மனை அலுவலகம் கடைசியில்.