எழுதி வைத்தால் வீண் பழி இல்லை



போன இதழில் குழந்தைக்குப் பல் முளைப்பது பற்றிப் பேசினோம். இந்தத் தடவை நான் பேசப்போவதைக் கேட்டு, "ஐயையோ, அபசகுனம்!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

என் மாமியார் 81 வயது வரை தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டவர். ஒரு நாள் அரிசி புடைத்துக்கொண்டே, "இதோ பாரும்மா, எனக்கு நினைவு தப்பி, இனி பிழைக்க மாட்டேன்னு ஆயிட்டா மூக்கிலே தொண்டையிலே குழாயெல்லாம் சொருகி வைக்காதீங்க. வலி தெரியாம பார்த்துக்கோங்க, போதும்" என்றார். "சும்மா இருங்க அத்தை, வெள்ளிக்கிழமையும் அதுவுமா!" என்று அவர் வாயை அடைத்துவிட்டேன்.

2019ல் அவருக்கு மூளையில் ரத்தக்கசிவு. வென்டிலேட்டரில் வைத்தார்கள். பத்தாம் நாள் டாக்டர், "நினைவு திரும்ப வாய்ப்பில்லை. அம்மா இதைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்காங்களா?" என்று கேட்டார். நான் சொன்னேன். உடனே என் நாத்தனார், "எங்கம்மா அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டாங்க. செலவுக்குப் பயப்படறீங்களா அண்ணி?" என்று கேட்டுவிட்டாள்.

ஏழை சொல் அம்பலம் ஏறாதாம். மருமகள் சொல் ஏறுமா? என்னவர் பேச முடியாமல் நின்றார். 19 நாள் குழாய்களோடு கிடந்துதான் அத்தை போனார். நாத்தனார் இரண்டு வருஷம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன்; பெற்ற தாயாயிற்றே! அத்தை கைப்பட எழுதி வைத்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

வேதனை என்னவென்றால், அதற்கு அப்போதே வழி இருந்தது. 2018 மார்ச் 9ல் சுப்ரீம் கோர்ட், பிழைக்க வழியில்லாத நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. முதலில் மாஜிஸ்திரேட் கையெழுத்து தேவைப்பட்டது. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கிவிட்டார்கள். 'லிவிங் வில்' என்பது இதுதான். சொத்து உயில் நாம் போன பிறகு பேசும். இது நாம் உயிரோடிருந்தும் பேச முடியாதபோது பேசும்.

எப்படி எழுதுவது?

1. 18 வயது நிரம்பி, தெளிந்த மனதோடு, யார் வற்புறுத்தலும் இல்லாமல் எழுத வேண்டும்.

2. எந்த நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

3. உங்கள் சார்பில் பேச நம்பிக்கையான நெருங்கிய உறவினர் பெயர்களைக் குறிப்பிடுங்கள். ஒருவருக்கு மேலும் இருக்கலாம்.

4. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜடட் அதிகாரியிடம் சான்று பெறுங்கள்.

5. பிரதிகளை அந்த உறவினர்களிடமும் குடும்ப டாக்டரிடமும் கொடுங்கள். பீரோவில் பூட்டி வைத்தால் பயனில்லை!

மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் மாற்றலாம், ரத்தும் செய்யலாம்.

"கையெழுத்துப் போட்டால் வைத்தியமே பார்க்காமல் விட்டுவிடுவார்களோ?" என்று பயப்பட வேண்டாம். குணமாக வழியில்லை, தானே முடிவு சொல்லும் நிலையிலும் நோயாளி இல்லை என்றால்தான் இது நடைமுறைக்கு வரும். அதுவும் மும்மூன்று டாக்டர்கள் கொண்ட இரண்டு குழுக்கள் ஒப்புக்கொண்ட பிறகே. வலிக்கு மருந்தும் பராமரிப்பும் கடைசி வரை உண்டு. ஊசி போட்டு உயிரை முடிப்பதற்கு நம் நாட்டில் அனுமதியே கிடையாது.

போன மாதம் நானும் என்னவரும் எழுதிவிட்டோம். எனக்காகப் பேச யாரைப் போட்டேன் தெரியுமா? என் மகளையும், அதே நாத்தனாரையும்தான். படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அம்மா அன்னிக்கு நிஜமாவே சொன்னாங்களா அண்ணி?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

உங்கள் வீட்டுப் பெரியவர் இந்தப் பேச்சை எடுத்தால், என்னைப் போல் வாயை அடைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஒரு பேனாவும் காகிதமும் எடுத்துக் கொடுங்கள்.