பெயர் தெரியாத விருந்தாளி

நஞ்சன்கூடு என்றதும் பக்தர்களுக்கு ஸ்ரீகண்டேஸ்வரர் ஞாபகம் வரும். நாக்கு ருசி உள்ளவர்களுக்கு ரசபாளே வாழைப்பழம். ஊரை ஒட்டி ஓடும் கபினி, தூண்டில்காரர்களின் உலகில் புகழ் பெற்ற நதி என்பது இரு சாராருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

1946 மார்ச்சில் டிவெட் வான் இங்கன் என்பவரின் தூண்டிலில் கபினி மகசீர் ஒன்று சிக்கியது. எடை 120 பவுண்டு, அதாவது 54 கிலோவுக்கும் மேல். மகசீர் பிடிப்பதில் நெடுங்காலம் சாதனையாகச் சொல்லப்பட்டது இதுதான். மகாராஜாக்கள் சுட்ட புலிகளைப் பாடம் செய்து கொடுத்த மைசூர்க் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர்.

தூண்டில் பொழுதுபோக்கு வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது என்று நினைக்க வேண்டாம். 12-ம் நூற்றாண்டில் கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரன் தொகுத்த 'மானசோல்லாச'த்தில் மீன் வகைகள், அவற்றுக்கேற்ற இரைகள் எல்லாம் விலாவாரியாக உண்டு. கரையில் உட்கார்ந்து, பேச்சை நிறுத்தி, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கும் சுகம் அரசனுக்கும் வேண்டியிருந்திருக்கிறது.

காவிரியிலும் அதன் கிளை நதிகளிலும் வாழும் திமில் மகசீரைப் பற்றி ஹெச்.எஸ். தாமஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1873-லேயே எழுதிவிட்டார். அதைத் தேடிக் கடல் கடந்து ஆட்கள் வந்தார்கள். ஆனால் இவ்வளவு பிரசித்தி பெற்ற மீனுக்கு உறுதியான விஞ்ஞானப் பெயர் இல்லை. 2007-ல் கேரளத்துப் பாம்பாற்றிலிருந்து 'டோர் ரேமாதேவி' என்ற இனம் விவரிக்கப்பட்டது. திமில் மகசீரும் அதுவும் ஒன்றே என்று தெரிந்தது 2018-ல். அதே ஆண்டு அது மிக ஆபத்தான அழிவு நிலையில் இருப்பதாகவும் அறிவிக்கப்பட்டது. பெயர்சூட்டு விழாவும் அபாயச் சங்கும் ஒன்றாக நடந்தேறின!

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மகசீர் குறைகிறதே என்ற அக்கறையில், மகாராஷ்டிரத்து லோனாவாலாவில் டாடா மின் நிறுவனம் பொரித்த நீலத்துடுப்பு மகசீர்க் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். எல்லாம் மகசீர்தானே என்ற எண்ணம். வந்த விருந்தாளி பெருக, வீட்டுக்காரர் மெலிந்தார். அணைகளும் மணல் கொள்ளையும் வெடி வைத்து மீன் பிடிப்பதும் இதில் சேர்ந்துகொண்டன.

இந்தச் சங்கதி வெளிப்பட்டதே தூண்டில்காரர்களால்தான். காவிரிக் கரையில் கலிபோர் முகாமில், பிடித்த மீனை எடை போட்டுக் குறித்துக்கொண்டு மறுபடி ஆற்றில் விடுவது வழக்கம். 1998 முதல் 2012 வரை 23,620 மணி நேரம், 6,161 மீன்கள். அந்தக் குறிப்புகளை ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டார்கள். திமில் மகசீரின் எண்ணிக்கை குறைந்தது. சிக்கியவற்றின் சராசரி எடை மட்டும் கூடியது. கிழங்கள் இருக்கின்றன, குஞ்சுகள் இல்லை என்று அர்த்தம்.

சரணாலயச் சட்டத்தைக் காட்டி அங்கே தூண்டிலுக்குத் தடை வந்தது. கணக்கும் அதோடு நின்றது. மீனின் வாயில் முள்ளைக் குத்துவது கருணையா என்று கேட்பவர்களுக்கு நியாயம் உண்டு. ஆனால் அந்த முகாம்களில் வழிகாட்டிகளாக இருந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். அவர்களில் சிலர் முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்கள். ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு அவர்களுக்குச் சம்பளம் கிடைத்தது. தடை போட்ட சர்க்கார் அவர்களையே, தூண்டில் இல்லாமலாவது, காவலுக்கும் கணக்கெடுப்புக்கும் அமர்த்தலாம்.

மோயாறு போன்ற சில இடங்களில் திமில் மகசீர் இன்னும் மிச்சமிருக்கிறது. யாராவது கரையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தால்தான் அதுவும் போவது நமக்குத் தெரியவரும்.