லாரிக்குப் பெர்மிட், ஓட்டுநருக்கு உறக்கம்?



சங்ககிரி, நாமக்கல் பகுதிகளில் ஒரு லாரியோடு தொழில் தொடங்குவோர் பதிவுச் சான்று, தகுதிச் சான்று, காப்பீடு, சாலை வரி, தேசிய பெர்மிட் என அலைவது நாம் அறிந்ததே. (கடன் தவணை தனிக்கதை!) தேசிய பெர்மிட் லாரிக்கு இரு ஓட்டுநர்கள் வேண்டும் என்ற விதி 2018 நவம்பரில் நீக்கப்பட்டது. உரிமையாளருக்கு ஒரு சம்பளம் மிச்சம்.

ஆனால் ஓட்டுநருக்குப் பொதுவாக நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வரையறுத்தது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும், 91ஆம் பிரிவில், அதையே ஏற்றுக்கொண்டது. கோவையிலிருந்து பம்புசெட் ஏற்றி டில்லிக்குத் தனியாகச் செல்பவருக்கு இது எப்படிச் சாத்தியம்? வழியில் நிறுத்துவோர் காகிதங்களைக் கேட்பர். கடைசியாக எப்போது தூங்கினாய் என்று கேட்பாரில்லை.

தொழில் தொடங்கும் நம் இளைஞர்கள் இரண்டாவது ஓட்டுநரின் சம்பளத்தையும் செலவுக் கணக்கில் எழுதி, நெடுந்தூர வாடகையை அதன்படியே பேசட்டும்.