இலையூட்டமும் மண்வளமும்

திற்பரப்பு அருவியைக் காணச் செல்வோர், வழியிலே வாழையும் தென்னையும் ரப்பரும் செழித்திருத்தலைக் கண்டு, இம்மண்ணுக்குக் குறையொன்றுமில்லையென எண்ணுவர். உண்மை வேறு. மலையடிவாரத்துச் செம்மண், இரு பருவமழையாலும் சத்துக் கழுவப்பெற்றுப் புளிப்பேறியது. இதுபற்றியே, மண்ணை விடுத்து இலையில் சத்துநீர் தெளித்தலே நலமென்னும் அபிப்பிராயம் எழுகின்றது. இதனை நாம் ஒருவாறு ஏற்போம், முற்றும் ஏற்கமாட்டோம்.

இலையும் உண்ணும் என்பதில் ஐயமில்லை. 1916-ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவிலே, மாங்கனீசு மிகுந்த நிலத்தில் வெளிறி நின்ற அன்னாசிச் செடிகளுக்கு இரும்பு சல்பேட்டுக் கரைசலைத் தெளித்துப் பசுமை மீளச் செய்தார் ஜான்சன் என்பார். மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்கு எட்டவில்லை. தெளித்தது இலைக்கு எட்டிற்று. துத்தநாகம் போன்று சிறிதளவே வேண்டப்படும் சத்துக்களுக்கும் இம்முறை ஏற்றதே. காவிரிப் பாசன வயல்களில் நெல்லறுவடைக்குச் சில நாள் முன்பே விதைக்கப்படும் உளுந்திற்கு உழுது உரமிட வழியில்லை. பூக்கும் பருவத்தில் நூற்றுக்கு 2 பங்கு டி.ஏ.பி. கரைசல் தெளிப்பதே அங்குத் தக்கது. இவையெல்லாம் ஔஷதம்.

வாழை கேட்பதோ சோறு. ஏத்தன் வாழை ஒன்றிற்கு ஏறத்தாழ 300 கிராம் சாம்பற்சத்து இடவேண்டுமென்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரின் பரிந்துரை. இலை கருகாவண்ணம் நூற்றுக்கு அரைப் பங்கு சத்துள்ள நீரைத் தெளிப்பின், ஒரு லிட்டரில் அடங்குவது 5 கிராமே. ஆகவே ஒரே வாழைக்கு 60 லிட்டர் நீர் வேண்டும்! அதிலும் மெழுகு படர்ந்த இலையினின்று வழிந்து வீழ்வது எவ்வளவு, மாலைமழை கொண்டுபோவது எவ்வளவு? புட்டி விற்போர் இக்கணக்கை விரித்துரைப்பதில்லை. வேதாகமத்தில், கனிகொடாத அத்திமரத்திற்கு ஓராண்டு தவணை கேட்ட தோட்டக்காரனும் வேரடியைத்தானே நாடினான்?

புளிப்பைத் தணிக்கச் சுண்ணாம்பு, பின் தொழுவுரம், தழையுரம், சாம்பற்சத்து. இவற்றை இட்டபின் இலையில் குறை தோன்றின் தெளிக்கலாம். இதனைக் குடியானவர் அறியாரல்லர். ஆனால் சுண்ணாம்பின் பயன் ஓராண்டில் முடிவதன்று. ஓராண்டுப் பாட்டத்திற்கு நிலமெடுத்து ஏத்தன் வைப்பவனோ, அடுத்த ஆண்டு எவன் கைக்குப் போகுமோ என்றிருக்கும் மண்ணில் ஏன் பொருளைக் கொட்டுவான்? அவனைக் குறைகூறல் நியாயமன்று. நம் மாணவர் இல்லங்களிலும் நிலமுடையோர் பலர் உளர். அவர்கள் பாட்டத்தை மூன்றாண்டாக நீட்டி, சுண்ணாம்புச் செலவிற் பாதியைத் தாமே ஏற்றல் வேண்டும். விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் இதனைத் தம் தந்தையரிடம் எடுத்துரைப்பாராக.